எழவுத் தண்ணி

மார்ச் 4, செவ்வாய்

டாக்டர் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். என்ன சாப்பிட்டேன், எப்போது வயிறு எரிந்தது என்று குறித்துக்கொண்டே வர வேண்டுமாம். காலை இட்லி மூன்று, எரிச்சல் இல்லை. மதியம் மெஸ்சில் சாம்பார் சாதம், எரிச்சல். மாலை ஒன்றும் சாப்பிடவில்லை, அப்போதும் எரிச்சல். இதை வைத்துச் சாப்பாட்டின் மேல் என்ன குற்றம் கண்டுபிடிப்பார் என்று தெரியவில்லை.

இந்த வேலையில் உங்களுக்கு என்ன கவலை என்று மனைவி புஷ்பம் கேட்கிறாள். அவள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். அங்கிருந்து பார்த்தால், மலையடிவாரத்து நீர்மின் நிலையத்தில் உதவிப் பொறியாளராக இருப்பது ஓய்வெடுக்கப் போனது மாதிரித்தான் தெரியும். மேலே மேல்முடி அணை. கீழே எங்கள் நிலையம். எங்களுக்கும் கீழே மஞ்சாறு. சாதாரண வருஷத்தில் மாலையானால் இரண்டு இயந்திரங்களும் ஓடும், ஆற்றில் தண்ணீர் போகும். இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அணையில் மிச்சமிருப்பது நகரத்துக்குக் குடிக்க மட்டும்தான் என்று பிப்ரவரியில் உத்தரவு வந்தது. நகரத்துக் குழாய் அணையிலிருந்தே மலையின் மறுபக்கம் போய்விடுகிறது. ஆகவே இயந்திரங்கள் நிற்கின்றன, ஆறு காய்ந்து கிடக்கிறது, நான் நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடிக்கிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் கட்டுப்பாட்டு அறைத் தொலைபேசி அடித்தது. பூளைக்காட்டிலிருந்து மயிலாத்தாள், அந்த ஊரின் வார்டு உறுப்பினர்.

"சாருங்க, அங்காத்தா கெழவி போயிருச்சுங்க. எழவுத் தண்ணி உடோணுமுங்க."

இது இங்கே உள்ள ஒரு வழக்கம். வெளியில் சொன்னால் நம்ப மாட்டார்கள். எங்கள் நிலையத்துக்குக் கீழே முதல் ஊர் பூளைக்காடு. நாங்கள் இயந்திரத்தை ஓட்டினால்தான் அவர்களுக்கு ஆறு. ஆனால் சாவு எங்கள் நேரம் பார்த்தா வரும்? அதனால் யாராவது இறந்துவிட்டால் ஊரிலிருந்து போன் செய்வார்கள். நாங்கள் ஓர் இயந்திரத்தை அரை மணி ஓட்டுவோம். பிணத்தைக் குளிப்பாட்டக் குடத்தில் எடுத்துப்போவார்கள், சுடுகாடு போய் வந்தவர்கள் குளிப்பார்கள். எந்தப் பொறியாளர் ஆரம்பித்து வைத்தாரோ தெரியாது. எந்த விதியிலும் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவர் பொறுப்பை ஒப்படைக்கும்போது சாவிக்கொத்தோடு இதையும் சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் விடுமுன் மூன்று முறை சங்கு ஊதுவோம், ஆற்றுக்குள் இருப்பவர்கள் ஏறிக்கொள்ள. வேளை கெட்ட வேளையில் சங்கு ஊதினால், காட்டில் வேலை செய்பவர்கள் நிமிர்ந்து "ஆரு போனது?" என்று கேட்டுக்கொள்வார்கள்.

உத்தரவு இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ஆனால் சும்மா நிற்கிற இயந்திரத்தில் ஈரம் ஏறாமலிருக்க அவ்வப்போது கொஞ்சம் ஓட்டிப் பார்ப்பது உண்டு. சென்னையிலுள்ள மின்பகிர்வு மையத்துக்குச் சோதனை ஓட்டம் என்று சொல்லிவிட்டு, ஒன்றாம் இயந்திரத்தை எடுக்கச் சொன்னேன். ஆபரேட்டர் நஞ்சப்பன் நான் சொல்லுமுன்னே எழுந்து நின்றுவிட்டார்.

மதியம் தயிர் சாதம். எரிச்சல் கொஞ்சம்.

மார்ச் 12, புதன்

புளிக்குழம்பு. கடுமையான எரிச்சல். இனி புளிக்குழம்பு கிடையாது.

மார்ச் 21, வெள்ளி

மறுபடி மயிலாத்தாள். "எங்கய்யன் காளியண்ணன் தவறிட்டாருங்க சாரு." இந்தப் பக்கத்தில் அப்பாவை அய்யன் என்பார்கள். அழுகுரல் இல்லை. சிலர் அழ மாட்டார்கள், உள்ளுக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். ஆறுதல் சொன்னேன். "இருக்கட்டுமுங்க" என்றாள். இயந்திரம் ஓடியது. அதன்பின் மாடியிலிருந்து பார்த்தால் ஆற்றோரத்தில் ஒரே கூட்டம். எல்லாரும் ஊர்க் கிணற்றைச் சுற்றித்தான் நின்றார்கள். ஊருக்கே அந்த ஆற்றோரத்து உறைகிணறுதான் குடிநீர். ஆற்றில் தண்ணீர் போனால் மணல் வழியாக ஊறும், போகாவிட்டால் அதுவும் காயும். லாரித் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நடை, அதுவும் டிரைவருக்கு மனசிருந்தால்.

மார்ச் 23, ஞாயிறு

துக்கம் விசாரிக்கலாம் என்று பூளைக்காடு போனேன். டீக்கடையில் ஒரு பெரியவர் பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். கடைக்காரர் "காளியண்ணா, இன்னொரு பன்னுங்களா?" என்றார். பெரியவர் என்னைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு விருட்டென்று எழுந்து போனார். வயசுக்கு நல்ல வேகம்.

ஓர் ஊரில் ஒரே பெயரில் எத்தனையோ பேர் இருப்பார்கள். நான் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். டீ, வடை ஒன்று. எரிச்சல்.

ஏப்ரல் 3, வியாழன்

"சாருங்க, காளியண்ணன் தவறிட்டாருங்க."

"மறுபடியுமா?" என்று என் வாய் கேட்டுவிட்டது.

அந்தப் பக்கம் யாரோ கிசுகிசுப்பது கேட்டது. அப்புறம் மயிலாத்தாள் சொன்னாள்: "இது வேற காளியண்ணனுங்க."

"அப்படியா. வருத்தமா இருக்கும்மா."

"ஆமாங்க. நல்ல மனுசன்."

நஞ்சப்பன் வாயைப் பொத்திக்கொண்டு பாட்டரி அறைக்குள் போய்விட்டார். உள்ளூர்க்காரர், அவருக்குத் தெரியாத காளியண்ணன் உண்டா? நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒருவர் இறந்துவிட்டார் என்று சொன்னால் போய் நாடி பார்ப்பது என் வேலை இல்லை. அரை மணி ஓட்டினோம்.

ஏப்ரல் 7, திங்கள்

செயற்பொறியாளர் கூப்பிட்டனுப்பினார். தில்லியிலிருந்து திட்டக் குழு வருகிறதாம். நாடு முழுக்கக் குடிநீர், பாசனம், நீர்மின்சாரம் மூன்றையும் சேர்த்து முப்பது வருஷத்துக்கு ஒரு பெருந்திட்டம் எழுதுகிறார்கள். அதில் மஞ்சாற்றுக்கும் ஓர் அத்தியாயம்.

"அவங்க போற வரைக்கும் சோதனை ஓட்டம், அந்த ஓட்டம் இந்த ஓட்டம் ஒன்னும் வேண்டாம். என் எழுத்து இல்லாம ஒரு சொட்டு கீழ போகக் கூடாது. போச்சுன்னா நான் காப்பாத்த மாட்டேன், ஞானதுரை. உங்களுக்கு ரிட்டயர்மெண்ட் பக்கத்துல இருக்கு."

அதையே எழுத்திலும் கொடுத்தார். சரி சார் என்றேன். பயமெல்லாம் இல்லை. கையெழுத்துப் போட்ட உத்தரவு, மதிக்கத்தானே வேண்டும். இரவு ரசம் சாதம் பாதி. எரிச்சல்.

ஏப்ரல் 11, வெள்ளி

குழுவின் நீரியல் நிபுணர் டாக்டர் வசுமதி வந்திருக்கிறார். ஐம்பது வயதிருக்கும், சென்னைக்காரர், வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு மோரை மட்டும் குடித்துக்கொண்டு அலைகிறார். எதையும் கண்ணால் பார்க்காமல் எழுத மாட்டார் போலிருக்கிறது. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, அதுவே கவலையாக இருந்தது.

திட்டத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டினார். மேலே அணை அப்படியே இருக்கும். எங்கள் நிலையத்துக்குக் கீழே ஆற்றை மறித்து ஒரு குளம். மாலையில் தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுத்துக் குளத்தில் பிடித்துக்கொள்வது. மறுநாள் பகலில், வெயில் மின்சாரம் நாட்டில் மிச்சமாக இருக்கும்போது, அதே தண்ணீரைப் பம்ப் வைத்து மேலே ஏற்றிவிடுவது. ஒரே தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். நகரத்துக்குக் குறையாது, மின்சாரமும் கிடைக்கும்.

"குளத்துக்குக் கீழே?" என்று கேட்டேன்.

"கீழ யாராவது பயன்படுத்தறாங்கன்னா, அவங்க பங்க விட்டுத்தான் ஆகணும். அதைத் திட்டத்துலயே எழுதிருவோம் சார். அப்புறம் யாரும் மாத்த முடியாது. யாரும் இல்லன்னா விட வேண்டியதில்ல." பேனாவை எடுத்துக்கொண்டார். "கீழ யாராவது எடுக்கறாங்களா சார்?"

செயற்பொறியாளர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஊர்ல கேட்டாத் தெரியும்மா" என்றேன். நியாயமான பதில்தான். ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகிறது.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரைப் பிறப்பு. மெஸ்சில் பாயசம். வசுமதி அம்மா ஊருக்குள் போய்விட்டுச் சந்தோஷமாக வந்தார். "ரொம்பத் தெளிவான ஊர் சார். வீடு வீடாக் கேட்டேன். ஆத்துத் தண்ணி எடுக்கறதே இல்லன்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்றாங்க. கீழ்ப்பகுதிப் பயன்பாடு இல்லன்னு போட்டுட்டேன்."

பாயசம் நெஞ்சிலேயே நின்றுவிட்டது. மாலையில் பைக்கை எடுத்துக்கொண்டு மயிலாத்தாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் ஒரு கட்டிலில் பன் தின்ற காளியண்ணன் உட்கார்ந்திருந்தார். இந்த முறை ஓடவில்லை. கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

மயிலாத்தாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "நாந்தானுங்க ஊரு பூராவும் சொல்லி வெச்சேன். ஆரு வந்து கேட்டாலும் ஆத்துப் பக்கமே போறதில்லைன்னு சொல்லோணும்னு. உங்களக் காட்டிக் குடுப்பமுங்களா சாரு?"

"ஐயோ, மயிலாத்தா. உண்மையைச் சொல்லியிருக்கணும்."

"எப்புடிங்க சொல்றது? தண்ணி எடுக்கறோம்னா, காஞ்ச ஆத்துல ஏது தண்ணின்னு கேப்பாங்கொ. எழவுக்கு உட்டதுன்னு சொல்லோணும். எத்தன எழவுன்னு கேப்பாங்கொ." குரலைத் தாழ்த்தினாள். "நெசமா விழுந்தது ஒன்னுதானுங்களே."

நான் வானத்தைப் பார்த்தேன்.

"செத்ததாச் சொல்லப் பேரு குடுக்க எவன் ஒத்துக்குவான்? ஆரும் ஒத்துக்கலீங்க. எங்கய்யன்தான், எம் பேரையே சொல்லு அம்மிணி, எனக்குச் சாகற வயசுதானேன்னாரு."

காளியண்ணன் கட்டிலில் இருந்தபடியே, தப்பா நெனைக்காதீங்க என்பது போலக் கையைக் காட்டினார்.

தண்ணீரை மேலே ஏற்றப் போகிற விஷயத்தைச் சொன்னேன். மயிலாத்தாள் சிரித்தாள். "கரண்டுச் செலவு பண்ணி மேல ஏத்தி, மறுக்கா எறக்கிக் கரண்டு எடுப்பாங்களா? கிறுக்குப் புடிச்சவிங்க கூடப் பண்ண மாட்டாங்க சாரு. உங்களை ஏமாத்தறாங்கொ."

எவ்வளவு சொன்னாலும் அவளுக்கு ஒரே பதில்தான். "உங்க வேலைக்கு ஒன்னு ஆகறதுக்கு நாங்க உட மாட்டமுங்க." இந்த ஊர் எனக்கு இப்படியா நல்லது செய்ய வேண்டும்?

ஏப்ரல் 16, புதன்

மோர் மட்டும். எரிச்சல்.

ஏப்ரல் 18, புனித வெள்ளி

உபவாசம். பழைய சர்ச்சில் மூன்று மணி ஆராதனை. பிரசங்கம் ஒன்றும் காதில் ஏறவில்லை, ஆனால் ஒரு வழி தோன்றியது.

வசுமதி அம்மா 24ஆம் தேதி கடைசியாகக் கிணற்றை அளக்க வருகிறார். அதுவரை நான் தண்ணீர் விடாமல் இருந்தால் கிணறு வறண்டுவிடும். அவரே கண்ணால் பார்ப்பார். யாரும் வாயைத் திறக்க வேண்டாம், யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம், ஊருக்குப் பங்கும் கிடைத்துவிடும். மயிலாத்தாளிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. சொன்னால் எனக்காக எங்கிருந்தாவது தண்ணீர் வாங்கி ஊற்றியாவது கிணற்றை நிறைத்துவிடுவாள்.

இதனால் செயற்பொறியாளர் உத்தரவையும் மீறாமல் இருக்க முடிகிறது என்பது தற்செயலாக அமைந்தது. அதற்காக யோசித்ததல்ல.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

கோயம்புத்தூர் வந்தேன். புஷ்பம் கறி சமைத்திருந்தாள். "ஏன் பிச்சுப் பிச்சு ஓரமா வைக்கிய? உப்புக் கூடிட்டா?" என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். "அப்ப என்ன செஞ்சிட்டு வந்திருக்கிய?" என்று நேராகவே கேட்டாள். முப்பது வருஷமாக இதே கேள்விதான், ஒரு முறையும் தப்பாகக் கேட்டதில்லை. ஒன்றும் செய்யவில்லை என்றேன். அது உண்மைதான். ஒன்றும் செய்யாமல் இருப்பதுதானே என் யோசனை.

ஏப்ரல் 22, செவ்வாய்

மயிலாத்தாள் போன். "சாருங்க, எழவு ஒன்னு." யார் என்று கூடச் சொல்லவில்லை. "உத்தரவு இல்லம்மா" என்றேன். "செரிங்க சாரு, உங்களுக்கும் கஷ்டந்தானுங்க. நாங்க சமாளிச்சுக்கறோம்" என்று வைத்துவிட்டாள். கோபப்பட்டிருக்கலாம். கோபப்பட்டிருந்தால் சாதம் இறங்கியிருக்கும்.

நஞ்சப்பன் என்னோடு இன்று பேசவில்லை. அவர் வீட்டிலும் அதே கிணற்றுத் தண்ணீர்தான்.

ஏப்ரல் 24, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் கட்டுப்பாட்டு அறையில் செயற்பொறியாளர் இருந்தார், வசுமதி அம்மா இருந்தார், எல்லாருக்கும் டீ வந்திருந்தது. தொலைபேசி அடித்தது. நான் எடுத்தேன்.

"சாருங்க. எங்கய்யன் போயிட்டாருங்க."

மூன்றாம் முறை. செயற்பொறியாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உத்தரவு இல்லம்மா" என்றேன்.

"இது நெசமுங்க சாரு."

குரல் வேறாக இருந்தது. அது எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று எழுத மாட்டேன்.

"உத்தரவு இல்லம்மா" என்று மறுபடி சொல்லிவிட்டு வைத்தேன். வெள்ளிக்கிழமையே எடுத்த முடிவு அது. பொய்ச் சாவானாலும் நிஜச் சாவானாலும் அதில் மாற்றமில்லை. பக்கத்தில் அதிகாரி உட்கார்ந்திருந்ததால் சொன்னதில்லை.

"என்ன சார்?" என்றார் வசுமதி அம்மா. ஊரில் ஒரு சாவு என்றேன். அவர் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கிளம்பிப் போனார்.

மதியத்துக்குமேல் திரும்பி வந்தார். தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "கிணத்துல சேறுதான் சார் இருக்கு. கடையில கேன் தண்ணி வாங்கி வந்து அந்தப் பெரியவரக் குளிப்பாட்டறாங்க. பிளாஸ்டிக் கேன், அப்படியே கவுத்து ஊத்தறாங்க. அவர் பொண்ணுகிட்டயே கேட்டேன். ஆத்துல தண்ணி வந்தா இதுக்கு எடுப்பீங்களாம்மான்னு. அழுதுக்கிட்டே சொன்னாங்க, இல்லீங்க, நாங்க ஆத்துல எடுக்கறதே இல்லீங்கன்னு."

என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. அப்பனைக் கேன் தண்ணீரில் குளிப்பாட்டிக்கொண்டு, தண்ணீர் தர மாட்டேன் என்றவனைக் காப்பாற்றியிருக்கிறாள்.

"ஆனா கிணறு வறண்டிருக்கே, பார்த்தீங்களே" என்றேன்.

"மழை இல்ல, வறண்டிருக்கு. எல்லா ஊர்லயும்தான் வறண்டிருக்கு. அதுல ஆத்துக்கு என்ன சம்பந்தம்னு நான் எப்படி எழுதறது? ஆறு ஓடினா கிணறு ஏறுதுன்னு பார்த்தாத்தானே எழுத முடியும்."

இருபத்தெட்டு வருஷம் பொறியாளராக இருக்கிறேன். வறண்ட கிணறு எதையும் நிரூபிக்காது என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த யோசனையில் எனக்கு வேறு ஏதோ பிடித்திருக்கிறது.

"அம்மா, நாடாவை எடுத்துக்கிட்டுக் கிணத்துக்குத் திரும்பப் போங்க. கரையில நில்லுங்க, ஆத்துக்குள்ள இறங்காதீங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். கேள்வி கேட்காமல் போனார்.

"ஒன்னாவது மெஷின எடுங்க, நஞ்சப்பன்."

செயற்பொறியாளர் எழுந்துவிட்டார். "ஞானதுரை, எழுத்துல கொடுத்திருக்கேன்."

"தெரியும் சார்."

"யோசிச்சுச் செய்யுங்க."

"யோசிச்சதுதான் சார் தப்பாப் போச்சு."

சங்குப் பொத்தானை மூன்று முறை நானே அழுத்தினேன். அரை மணி அல்ல, ஒரு மணி ஓட்டினேன். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து குளிக்கத் தண்ணீர் இருந்தது என்று நஞ்சப்பன் பிறகு சொன்னார். நான் துக்கத்துக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

ஏப்ரல் 25, வெள்ளி

தற்காலிகப் பணிநீக்கம். செயற்பொறியாளரே கையில் கொண்டுவந்து கொடுத்தார். பாவம், அவருக்கும் வருத்தம்தான். "ஒரு தடவை உணர்ச்சிவசப்பட்டுப் பண்ணினது, அப்படீன்னு விசாரணையில பேசிக்கலாம். பென்ஷனுக்கு ஒன்னும் ஆகாது. நல்லவேளை, பழக்கமாப் பண்ணினதுன்னா மொத்தமும் போயிரும்."

தலையை ஆட்டினேன். எரிச்சல் நிற்கவில்லை. நல்ல காரியம் செய்தால் நின்றுவிடும் என்று யார் சொன்னது?

மே 5, திங்கள்

கோயம்புத்தூர். வசுமதி அம்மா போன் செய்தார். அன்று கிணற்றில் தண்ணீர் மூன்றடி ஏறியதாம். "ஆனா ஒரு நாள் அளவு போதாது சார். எத்தனை நாளைக்கு ஒரு தடவை வேணும், எவ்வளவு எடுக்கறோம், இதுவரைக்கும் எப்படிக் கிடைச்சுதுன்னு ஊரே சொல்லணும். அவங்க இன்னும் இல்லன்னுதான் சொல்றாங்க. உங்க விசாரணை முடியற வரைக்கும் வாயத் திறக்க மாட்டோம்னு யாரோ முடிவு பண்ணியிருக்காங்க. 14ஆம் தேதி ஊராட்சி அலுவலகத்துல கடைசிக் கூட்டம். அன்னிக்கும் சொல்லலன்னா அத்தியாயத்த மூடிருவோம். முப்பது வருஷத்துக்கு."

யார் முடிவு பண்ணியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா?

அவர்கள் உண்மையைச் சொன்னால் அது பழக்கமாகச் செய்ததாகிவிடும். சொல்லாவிட்டால் ஊருக்கு ஆறு இல்லை. நான் போய்ப் பேசுகிறேன் என்று வசுமதி அம்மாவிடம் சொன்னேன்.

மே 9, வெள்ளி

பூளைக்காடு போகவில்லை. வெயில் அதிகம். பைக்கில் காற்று இறங்கியிருக்கிறது.

மே 12, திங்கள்

இன்றும் போகவில்லை. புஷ்பத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு காளியண்ணன்களையும் சேர்த்து. சிரித்தாள், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பென்ஷன் இல்லாவிட்டால் என்ன செய்வோம் என்று கேட்டேன். "அந்தக் கூட்டத்துக்குப் போவாம இருந்துட்டா உங்க வயிறு சரியாயிருமா?" என்றாள்.

"எனக்கு ஒன்னும் பயம் இல்ல" என்றேன்.

"நான் அதைக் கேக்கவே இல்லையே" என்றாள்.

மே 14, புதன்

போனேன். பஸ்சில் வாந்தி வந்தது.

ஊராட்சி அலுவலகம் நிறையக் கூட்டம். நான் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். முன்னால் மேசையில் வசுமதி அம்மா, செயற்பொறியாளர், தில்லி அதிகாரி ஒருவர். வசுமதி அம்மா மைக்கில் கேட்டார்: "மஞ்சாத்துத் தண்ணிய யாராவது எடுக்கறீங்களா? இதுதான் கடைசித் தடவை கேக்கறது."

ஒருவரும் பேசவில்லை. மயிலாத்தாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தது முதலில் அவள்தான். அவள் திரும்பியதும் பக்கத்துப் பெண்கள் திரும்பினார்கள், அப்புறம் ஊரே திரும்பியது. தூண் எனக்குப் போதவில்லை.

அவர்களிடம் பேசத்தான் வந்திருந்தேன். பஸ்சில் நான்கைந்து வாக்கியங்கள் தயார் செய்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. சொல்லிவிடு என்பது போலத் தலையை மட்டும் ஆட்டினேன். மயிலாத்தாள் நம்பாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு முறை ஆட்டினேன்.

அவள் எழுந்தாள்.

"எடுக்கறமுங்க. அந்தத் தண்ணியத்தானுங்க குடிக்கறோம். மாடு கன்னு குடிக்குது. மிஷினு ஓடறப்ப தெனமும் வந்துச்சு, நின்னதுக்கப்புறம் சாரு நாலு தடவ உட்டாருங்க. எழவுன்னு சொன்னா உடுவாருங்க." நிறுத்திவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அதுல ரெண்டு தடவ ஆரும் சாகலீங்க. குடிக்கறதுக்கு இல்லாமத்தான் பொய் சொன்னோம். அவருக்கும் தெரியுமுங்க. தெரிஞ்சுதான் உட்டாரு."

செயற்பொறியாளர் பேனாவை மூடிவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தில்லி அதிகாரிக்கு வசுமதி அம்மா இங்கிலீஷில் சொன்னார். அவர் திரும்பத் திரும்ப ஏதோ கேட்டார். பிறகு ஒரு பத்தியை அடித்துவிட்டு எழுதினார்கள். எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று ஊரைக் கேட்டபோது, இதுவரை யாரும் கேட்டிராததால் அவர்களுக்குள் பெரிய சண்டையே வந்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு நாள் என்று முடிந்தது. புதுக் குளம் கட்டினாலும் அந்தப் பங்கைக் கீழே விட்டே ஆக வேண்டும் என்று மைக்கிலேயே படித்தார்கள்.

குளம் கட்டி முடிய ஆறு ஏழு வருஷம் ஆகும். அதுவரை நிலையத்தில் யார் இருக்கிறார்களோ அவர்கள் மனசுதான்.

கூட்டம் கலைந்ததும் வெளியே வந்தேன். செயற்பொறியாளர் கார் கதவருகில் நின்று என்னைப் பார்த்தார், பிறகு ஏறிப் போனார். என் பென்ஷன் என்ன ஆகும் என்று அவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மயிலாத்தாள் பின்னாலேயே வந்தாள். அய்யனுக்கு அன்று தண்ணீர் விடாததைப் பற்றி நான் பேச்செடுத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டாள். மன்னித்தாளா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் முடியவில்லை.

"புதுசா வந்திருக்கற சாரு நெம்பரு குடுங்க" என்றாள். செல்போனை எடுத்துக்கொண்டாள். "அவரு எப்புடிங்க?"

"சின்ன வயசு. கொஞ்சம் பயந்த சுபாவம்னு நஞ்சப்பன் சொன்னாரு."

"அது பரவால்லீங்க. நீங்களும் பயந்துக்கிட்டுத்தானுங்களே உட்டீங்க."

எண்ணைச் சொன்னேன். முதல் தடவை தப்பாகச் சொல்லிவிட்டு, பிறகு திருத்திச் சொன்னேன்.